சேலைன் போத்தல்களில் எடுத்த எண்ணெய்

என் மனைவி நெடுங்காலம் படுக்கையில் கிடந்துதான் போனாள். அவளுக்கு ஏற்றிய சேலைன் போத்தல்களையும் ஊசி கழற்றிய சிரிஞ்சுகளையும் நான் எறியவில்லை. வளவில் போட்டுக் கொளுத்த மனம் வரவில்லை. கழுவி, உரப்பைகளில் கட்டிப் பின்விறாந்தையில் வைத்தேன். செத்தவீட்டுக்கு வந்த சொந்தங்கள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவோடு போய்விட்டார்கள். பிள்ளைகளும் இல்லாததால், பாலையூற்று வீட்டில் நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை.

நான் கம்பஸ் ஆய்வுகூடத்தில் உதவியாளன். அங்கே கிண்ணியாப் பெண்ணொருத்தி ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக்கையும் நெல் உமியையும் காற்றுப் படாமல் சூடாக்கி எரிபொருள் எடுப்பது அவள் வேலை. உமி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக் எடுக்க அனுமதி இன்னும் வரவில்லை.

"என்னட்டக் கிடக்கு, தங்கச்சி. கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன்.

கிருமி நீக்கிய பிறகு இருவருமாக வெட்டத் தொடங்கினோம். போத்தல்களோடு கிடந்த சேலைன் ஏற்றும் குழாய்களை அவள் தனியே ஒதுக்கினாள்.

"இது பிவிசி, அண்ணன். போட ஏலாது. சூட்டில அமிலம் கிளம்பும், ஊக்கியும் பழுதாப் போயிரும்."

கொஞ்ச நேரம் வெட்டிவிட்டுக் கேட்டாள்:

"வீட்டில ஆருக்கு வருத்தம்?"

"மனுசிக்கு."

"இப்ப எப்படி?"

"இப்ப ஆள் இல்லை."

அவளுடைய கத்தரிக்கோல் நின்றது. "எனக்குத் தெரியாது, அண்ணன்" என்றாள். நான் தலையாட்டினேன். மனைவி செத்துப்போனதை, கேட்ட ஒருவருக்கு நானே சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு இருவருமாக மிச்சத்தையும் வெட்டி முடித்தோம்.

முதல் தடவை, பிளாஸ்டிக்கை எண்ணெயாக உடைக்க உதவும் ஊக்கி சேர்க்காமல் சூடாக்கிப் பார்த்தோம். வந்த ஆவி குளிர்ந்து, கருவியின் குழாய்க்குள்ளேயே மெழுகாக உறைந்து அடைத்துக்கொண்டது. அதைச் சுரண்டி எடுப்பதிலேயே ஒரு நாள் போயிற்று. அடுத்த தடவை பதப்படுத்திய களிமண் தூளை ஊக்கியாகச் சேர்த்தாள். இம்முறை உறையவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது. உமியிலிருந்து வந்த புளித்த தண்ணீர் அடியில் நிற்க, மேலே பழுப்பு எண்ணெய் மிதந்தது. "அண்ணன், பாருங்க!" என்று அவள் கூவினாள்.

அதை வடித்து டீசலில் கலந்து, தோட்டத்து நீர்ப்பம்பி ஒன்றுக்கு ஊற்றினோம். எஞ்சின் இருமி, கரும்புகை கக்கி, பிறகு சீராக ஓடியது. மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றதும், இதை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் விளங்கியது. போத்தல் கழுவும் தொட்டிப் பக்கம் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்தப் பெண் அங்கே வந்தாள். "வெள்ளிக்கிழமை எங்கட வீட்டுக்கு வாங்க, அண்ணன். உம்மாட்டச் சொல்லிட்டன்."

"இன்னொரு நாளைக்கு வாறன், தங்கச்சி" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்த மனிதர், என் கையில் அடித்த எண்ணெய் நாற்றம் பொறுக்காமல் எழுந்து முன்னுக்குப் போனார். உப்புவெளிக்குப் போகிற சனம் ஏறி பஸ் நிறைந்தும், என் பக்கத்துச் சீற் காலியாகவே வந்தது. இறங்கும் வரை கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.