பூண்டு மாலையின் கனம்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவும் வராது. அப்படிப்பட்டவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். முதுகு ஒடிந்த ஒருவர் உங்கள் வீட்டிலும் மல்லாந்து படுத்திருந்தால், மருத்துவர்கள் சொல்லாத ஒன்றிரண்டு விஷயம் இதில் கிடைக்கலாம் என்று நினைத்தேன்.

என் கணவர் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். என் அத்தை மகன். அதனால் அத்தான் என்றே எழுதுகிறேன். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் அவருடைய விமானம் அடிபட்டது. இருக்கையோடு மேலே வீசப்பட்டு, பாராசூட்டில் நம் எல்லைக்குள் இறங்கினார். அந்த இருக்கையால் உயிர் பிழைத்தார். முதுகு போனதும் அதனால்தான். வீசப்பட்ட வேகத்தில் இடுப்புக்கு மேலே இரண்டு முள்ளெலும்புகள் (முதுகுத்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பவை) நசுங்கிவிட்டன.

கொடைக்கானலிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக வடக்கே ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி என்னாச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்பது. விமானத்தை அவர் வண்டி என்பார்.

"எரிஞ்சுபோச்சாம் அத்தான்."

"நல்ல வண்டி பேச்சி" என்றார். கண் கலங்கியது. என்னைப் பார்த்து அது கலங்கவில்லை.

எரிந்துபோன இரும்பின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. உடம்பு முடியாதவரின் பக்கத்தில் உட்கார்ந்து இப்படியா நினைப்பது என்று வெட்கப்பட்டேன். இப்போது வெட்கம் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது வரும். வந்தால் பயப்பட வேண்டாம், அதனால் சில நன்மைகளும் உண்டு.

அந்த வார்டில் மலையாளத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. புரட்டும்போது அவர் கை அவள் தோளைப் பிடித்துக்கொள்ளும். அவள் ஏதோ சொல்வாள், அவர் சிரிப்பார். அதைப் பொறுக்க முடியாமல்தான் அந்த வித்தையை நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். தோளையும் இடுப்பையும் தனித்தனியே திருப்பக் கூடாது. மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒரே வீச்சில் உருட்ட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கற்றுக்கொண்ட மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விடவில்லை.

இனிப் பறக்க முடியாது என்று ஆனதும் கொடைக்கானலுக்குக் கூட்டி வந்தேன். மாவுக்கட்டை எடுத்துவிட்டு முதுகுப்பட்டை கொடுத்திருந்தார்கள். தோலும் எஃகுத் தகடும் வைத்துத் தைத்தது, பின்பக்கம் கயிறு போட்டு இறுக்குவது. தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. படுக்கையை விட்டு எழும் முன்பே கட்ட வேண்டும். உள்ளே போடும் பனியனில் ஒரு சுருக்கம் இருந்தாலும் சாயங்காலத்துக்குள் தோல் புண்ணாகிவிடும். மலைக்குளிரில் தகடு பனிக்கட்டிபோல இருக்கும், அடுப்பங்கரையில் வைத்துச் சூடாக்கிக் கட்டிவிடுவேன்.

ஏரியைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள். முதலில் படகுத்துறைவரை. பிறகு அடுத்த வளைவுவரை. என் தோளில் கை வைத்துத்தான் நடப்பார். மூடுபனி இறங்கினால் எங்களைத் தவிர உலகத்தில் யாரும் இல்லாததுபோல இருக்கும். அவருக்கு அவை மோசமான வருடங்கள். நான் வேறு மாதிரி சொல்வேன்.

ஒரு நாள் என் தோளை விட்டுவிட்டுத் தனியாக நடந்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் கைதட்டினேன். தோள் மட்டும் வெறுமையாக இருந்தது.

அப்புறம் ஊர் அவரைக் கண்டுகொண்டது. குதிரைக்காரர்கள் "பைலட் சார்" என்று சலாம் வைத்தார்கள். பஸ் வராத ஊர்க்காரர்கள் மனு எழுத வந்தார்கள். வீட்டில் என்னிடம் ஒரு வரி பேசாதவர் அவர்களிடம் மணிக்கணக்கில் பேசினார். எண்பதுகளில் ஒரு தேர்தல் வந்தபோது, கட்சிக்காரர் முத்தையா வாசலில் வந்து நின்றார்.

"மதினி, அண்ணன எங்களுக்குக் குடுத்துருங்க. எம்மெல்லேவா திருப்பித் தாரோம்."

"பாதி ஆளத்தான் பட்டாளம் திருப்பித் தந்துச்சு" என்றேன், கதவுக்குப் பின்னால் நின்றபடி.

மதுரை எலும்பு டாக்டரிடம் கேட்டோம். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "நடக்கட்டும், பேசட்டும். குனியக் கூடாதும்மா. தோள்ல கனம் ஏறக் கூடாது. இன்னொரு தடவ எலும்பு அமுங்கி நரம்ப நசுக்குச்சுன்னா, ரெண்டு காலும் கேக்காமப் போயிரும்."

வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: "பட்டை கட்டியிருக்கது யாருக்கும் தெரியக் கூடாது பேச்சி. ஒடிஞ்ச ஆளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

அந்தத் தேர்தலில் அவர் ஜெயிக்கவில்லை. அதை எழுத நான் உட்காரவில்லை. மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் நடந்ததை எழுதத்தான்.

பிரசாரத்துக்கு நானும் போனேன். ஜீப்பின் பின் சீட்டில் வெந்நீர்ப் பையோடு ஒரு மூலையில் இருப்பேன். ஊர் ஊராகப் பெண்கள் அவர் கையைத் தொட்டார்கள், கன்னம் வழித்து நெட்டி முறித்தார்கள். நான் சூடாக்கிக் கட்டிய பட்டையின் மேல், யார் யாரோ தட்டிக் கொடுத்தார்கள். மற்ற வேட்பாளர்கள் மாலை விழுந்த கையோடு கழற்றிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அத்தானுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொடுத்ததைக் கழற்றுவது மரியாதை இல்லை என்பார். பூமாலை என்பதால் அதுவரை தப்பித்தோம்.

கவுஞ்சியில் அப்போது பூண்டு அறுவடை. தாளோடு பின்னிக் கட்டிய மாலையை இரண்டு ஆண்கள் சுமந்து வந்தார்கள், தேர்வடம் மாதிரி. முன்னால் வந்த விவசாயி அம்மாள் அத்தானின் மார்புயரம்தான் இருந்தார்.

"எங்க வெள்ளாம சாமி. கொஞ்சம் குனிங்க, எட்டல."

அத்தான் கைகூப்பினார். தலை தாழ்ந்தது. இடுப்பு வளையத் தொடங்கியதை நான் சட்டைக்கு மேலேயே பார்த்தேன்.

"குனியாதீங்க!"

கத்தியது நான்தான் என்று கூட்டம் திரும்பிப் பார்த்த பிறகே தெரிந்தது. எப்படி ஜீப்பை விட்டு இறங்கினேன் என்று நினைவில்லை. மேளம் நின்றுவிட்டது.

"என்ன மதினி?" என்றார் முத்தையா, பதறிப்போய்.

பட்டையைச் சொன்னால் அத்தான் முகம் என்னவாகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் கால்கள் போகும். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒத்தையாப் போடாதீங்க. எனக்கும் சேத்துப் போடுங்க."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "அடியாத்தே! பைலட்டு பொண்டாட்டிக்கும் மாலை ஆசை வந்துருச்சே! ஏன் தாயி, உம் புருசன நாங்க கொத்திக்கிட்டுப் போயிருவோம்னு பயமா?"

"ஆமா" என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் பொய் சொல்லவில்லை.

இரண்டு பேர் ஜீப் படியில் ஏறி, எங்கள் இருவர் கழுத்திலும் சேர்த்து மாலையைப் போட்டார்கள். அவர் குனிய வேண்டி வரவில்லை. நான் குட்டை. கனமெல்லாம் என் பக்கம் சரிந்தது. இன்னும் சரியட்டும் என்று இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"பேச்சி, என்ன இது?" என்றார் மெதுவாக.

"வெரசாப் பேசி முடிங்க."

அன்றைக்கென்று பார்த்து அவர் நீளமாகப் பேசினார். என்னிடம் ஒருபோதும் சொல்லாததைச் சொன்னார். விமானம் போன பிறகு வானத்தில் ஒரு சத்தமும் இல்லை என்றார். "இனி ஒண்ணும் நம்ம கையில இல்லன்னு தொங்கிக்கிட்டு இருந்தேன். அப்ப நான் நம்ம மலையத்தான் நெனச்சேன்." விசில் பறந்தது. என்னை நினைத்ததாகச் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. பூண்டு வாடை கண்ணை எரித்தது. அவர் ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் மாலை அசைந்து என் பிடரியில் அழுந்தியது. அவர் முதுகு எங்கே முடிந்து என் கழுத்து எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது. அதற்கு முன் நாட்களை நான் ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, பட்டை என்று வரிசை வைத்திருந்தேன். எல்லாம் அவர் உடம்பின் கணக்கு. எனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அதற்கும் வலிக்கும் என்பதை அந்த மாலைக்குக் கீழேதான் உணர்ந்தேன்.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டேன்: "மலையத்தான் நெனச்சீங்களோ?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்புட்டுப் பேரு முன்னால வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

மறுநாள் காலை என் கழுத்து பிடித்துக்கொண்டு திரும்பவில்லை. அத்தான் தைலம் சூடாக்கித் தேய்த்துவிட்டார். கட்சி ஜீப் வாசலில் காத்துக்கொண்டு நின்றது.