மஞ்சட்கரு தீரும்வரை

“பெட்டிக்குள்ளை போட்டு ஒட்டி அனுப்பின உயிர், உயிரோடை போய்ச் சேருமோ பிள்ளை?”

கோழிக்குஞ்சு அனுப்பும் வேலைக்கான ஒப்பந்தத்தைக் காட்டியபோது அப்பா கேட்ட முதற் கேள்வி இதுதான். வாழ்த்தவில்லை. சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்து, ஜெர்மன் எழுத்துகளைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இதைக் கேட்டார்.

“மூண்டு நாளைக்கு அதுகளுக்குச் சாப்பாடும் தேவையில்லை, தண்ணியும் தேவையில்லை அப்பா. வயித்துக்குள்ளை மஞ்சட்கரு இருக்கு. அதிலையே சீவிக்கும்.”

“அது உனக்குத் தெரியும். குஞ்சுக்குத் தெரியுமோ?”

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுவதாக முடித்த முதல் ஆள் நான். போரில் இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் அப்பா ஆறாம் வகுப்போடும் அம்மா நான்காம் வகுப்போடும் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். வீட்டுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களைப் பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். பள்ளி முடிந்ததும் ‘லேறே’ என்று இங்கே சொல்லும் மூன்று வருடத் தொழிற்பயிற்சி. பொருட்களை அனுப்புவதும் பெறுவதும் பற்றிய படிப்பு. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அம்மா மாட்டினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

வேலை கிடைத்த இடம் ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம். நாங்கள் இருக்கும் சூரிச் ஓர்லிகோனிலிருந்து ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போகவேண்டும். செவ்வாய் மதியம் குஞ்சுகள் பொரிக்கும். புதன் மூன்று மணிக்குப் பார்சல் கம்பனியின் லொறி வந்து ஏற்றும். வியாழன் காலை அவை சிறு பண்ணைகளுக்குப் போய்ச் சேரும். ஒரு பெட்டியில் நூறு குஞ்சு. உள்ளே நான்கு அறை, அறைக்கு இருபத்தைந்து. அதற்குக் குறைந்தால் குளிரும், கூடினால் மூச்சு முட்டும். ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டுதான் அவை பயணம் போகின்றன.

பெட்டியைத் திறக்காமல் காதால் பார்க்க வேலையின் முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டேன். சூடு சரியாக இருந்தால் தணிந்த குரலில் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கும். குளிர்ந்தால் கீச்சென்று கத்தும். சூடு கூடினாலும் முதலில் கத்தும். பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். மூச்சு வாங்கும் குஞ்சு சத்தம் போடாது. பயப்பட வேண்டியது அந்த அமைதிக்குத்தான்.

எனக்கு முன்பு அனுப்பும் பகுதியில் இருந்தவர், செவ்வாய்க்கிழமைகளில் ஒவ்வொரு பண்ணைக்கும் தொலைபேசி எடுத்து, “வியாழன் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா?” என்று கேட்பாராம். அரை நாள் அதிலேயே போகும். நான் அதை நிறுத்தினேன். கணினியில் ஓர் அட்டவணை செய்தேன். வேலை நாள் பச்சை, விடுமுறை சிவப்பு. வருடம் முழுவதும் ஒரே பக்கத்தில். முதலாளி பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடு ஒரு மாதம் நடந்து திரிந்தேன்.

அந்த அட்டவணைக்கு எடுத்த விடுமுறைகள் சூரிச்சினுடையவை. நான் பிறந்து படித்த இடத்தினுடையவை. இந்த நாட்டில் விடுமுறை கன்ரோனுக்குக் கன்ரோன், மாநிலத்துக்கு மாநிலம்போல, வேறு என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஒரு நாள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருப்பது வேறு. எங்கள் வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லை. அப்பாவுக்கு எல்லா விடுமுறையும் வேலை நாள்.

அப்பாவுக்கு லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. ஜூன் மாதத்து வியாழன் ஒன்றில் காலை ஒன்பது மணிக்கு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பிள்ளை, வேலை முடிஞ்சு போகேக்கை பாண் வாங்கிக்கொண்டு போ. இண்டைக்கு இங்கை கடையெல்லாம் பூட்டு.”

“ஏன் பூட்டு?”

“வேதக்காரரின்ர பெருநாள். நற்கருணை ஊர்வலமாம். விடியவே பீரங்கி வெடிக்கிறாங்கள். ஒவ்வொரு வருசமும் வெடிக்கிறது, ஒவ்வொரு வருசமும் நான் மறந்துபோய்ச் சுவரோடை ஒட்டிப்போறன். கூட வேலை செய்யிறவன் சிரிக்கிறான்.”

“அப்பா, பார்சல் கொண்டுபோறவங்களும் பூட்டோ?”

“எல்லாரும்தான். கோப்பை கழுவுறவனுக்குத்தான் எந்தச் சாமிக்கும் லீவில்லை.”

தொலைபேசியை வைத்துவிட்டு அனுப்புப் பட்டியலை எடுத்தேன். முதல் நாள் அனுப்பியதில் இரண்டு பெட்டிகள் லுசேர்ண் மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றுக்குப் போயிருந்தன. இருநூறு குஞ்சு. கணினியில் தேடினேன். புதன் மாலை லுசேர்ண் பொதி டிப்போவை அடைந்தது என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பார்சல் கம்பனி எனக்கு அனுப்பிய உறுதிச் செய்தியைத் திறந்தேன். சேரும் நாள்: வெள்ளி, பிற்பகல். முதல் நாள் மூன்று மணிக்கே அது வந்திருந்தது. பச்சைக் கட்டத்தைப் பார்த்த திருப்தியில் அதை நான் திறக்கவேயில்லை.

வெள்ளி பிற்பகல் என்றால் மஞ்சட்கருவின் மூன்று நாளும் தீர்ந்துவிடும். ஆனால் அதற்குமுன் வெயில் இருந்தது. பசிக்கு மூன்று நாள் கணக்கு உண்டு. சூட்டுக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. எங்கள் முற்றத்து வெப்பமானி காலை ஒன்பதுக்கே இருபத்தாறைக் காட்டியது. அங்கே டிப்போவில் தகரக்கூரைக் கூடம், பூட்டிய கதவு, நின்றுபோன காற்றாடி என்றுதான் இருக்கும்.

கம்பனியின் எண்ணுக்கு எடுத்தேன். பதிவு செய்த குரல் எனக்கு இனிய விடுமுறை சொன்னது. முதலாளியிடம் போனேன்.

“பெட்டி இப்போது அவர்கள் கையில்,” என்றார், நிமிராமல். “நீ போய்க் கதவுக்கு முன்னால் நின்று விசிலடிக்கப் போகிறாயா?”

“வான் வண்டியைத் தாருங்கள். போகிறேன்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு வண்டித் திறப்பை மேசைமேல் தள்ளிவிட்டார். “இரண்டு மணிக்கு வண்டி இங்கே நிற்கவேண்டும். உன் சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. அதையும் நினைவில் வை.”

வெறும் பெட்டிகள் இரண்டும் தண்ணீர்க் குப்பியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய இரண்டாவது ஊரில் பொலிஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். ஊர்வலம் வந்தது. வெள்ளை உடுப்புச் சிறுமிகள் கூடையிலிருந்து பூவிதழ்களை வீதியில் தூவிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் கொடிகள், குடை பிடித்த பாதிரியார், மெதுவாக வாசிக்கும் இசைக்குழு. மெதுவாக, மிக மெதுவாக. மணியோசை நிற்கவேயில்லை. வானுக்குள் சூடு ஏறியது. யன்னலைத் திறந்திருக்கும் எனக்கே இப்படி என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

டிப்போ ஊருக்கு வெளியே, ஆளில்லாத தொழிற்பேட்டையில் இருந்தது. பெரிய கதவுகள் எல்லாம் இறக்கப்பட்டிருந்தன. சுற்றிவந்தபோது பக்கக் கதவு ஒன்று ஒரு வாளியை முட்டுக் கொடுத்துத் திறந்திருந்தது. உள்ளே நம்மவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தரை கழுவும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, தமிழோ?”

“ஓம்.” இயந்திரத்தை நிறுத்தினார். “இண்டைக்கு ஒருத்தரும் இல்லை தங்கச்சி. நாளைக்கு வாங்கோ.”

“உள்ளை கோழிக்குஞ்சுப் பெட்டி இருக்கு. சத்தம் கேட்டதோ?”

அவர் முகம் மாறியது. “குஞ்சோ அது? விடிய நான் வரேக்கை ஒரே கத்தல். கூரைக்குள்ளை குருவி கூடு வைச்சிட்டுது எண்டெல்லோ நினைச்சன்.”

“இப்ப?”

“எட்டரைக்குப் பிறகு குறைஞ்சிட்டுது. இப்ப இல்லை. தாய்க்குருவி வந்திட்டுதாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்.”

இருவரும் காதுகொடுத்துக் கேட்டோம். கூடம் முழுவதும் எங்கள் மூச்சுத்தான் கேட்டது. அவர் கம்பிவலை அடைத்த ஒரு மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பூட்டிய வலைக்கதவுக்குப் பின்னால் எங்கள் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

“திறவுங்கோ அண்ணை.”

“எனக்குத் தரை துடைக்கத்தான் திறப்புத் தந்தவங்கள். சாமான் குடுக்கிறதுக்கு இல்லை.” மேலே கமராவைக் கண்ணால் காட்டினார். “பதினாறு வருச வேலை.”

கைபேசியிலிருந்த அனுப்புச் சீட்டைக் காட்டினேன். “அனுப்பினது நான். கையெழுத்து என்ர. ஆரும் கேட்டா நான்தான் திறக்கச் சொன்னதெண்டு சொல்லுங்கோ.”

“சொன்னா என்ர வேலையை நீங்கள் திருப்பித் தருவியளோ?”

அவர் கையுறையைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். கமராவை நேராக ஒருமுறை பார்த்தார். பிறகு திறப்புக் கொத்தை எடுத்தார்.

மேல்பெட்டி உயிரோடு இருந்தது. நூறு வாய்கள் திறந்தபடி, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் மூச்சு வாங்கின. கீழ்ப்பெட்டியின் இரண்டு பக்கக் காற்றுத் துளைகளையும் பிளாஸ்ரிக் சுற்றிய பொதியொன்று அடைத்துக்கொண்டு நின்றது. மூடியைத் தூக்கினேன். திறந்த பக்கத்து இரண்டு அறைகளில் அசைவு இருந்தது. மற்ற இரண்டில், மூலைக்கு ஓடிக் குவிந்திருந்தவை குவிந்தபடியே கிடந்தன. மேலே கிடந்த ஒன்றை எடுத்தேன். கழுத்து என் விரல்களுக்கு மேலால் சரிந்தது. இறந்தவையும் சூடாகத்தான் இருந்தன. அதனால் எது எது என்று தெரிய ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கவேண்டியிருந்தது.

அண்ணை வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். அலகை ஒருமுறை நனைத்துவிட்டால் குஞ்சு தானாகக் குடிக்கத் தொடங்கும். தரையில் குந்தியிருந்து இருவரும் அதைச் செய்தோம். அவர் விரல்கள் பெரியவை. அவற்றுக்குள் குஞ்சு மறைந்துபோனது. “குடி ராசா, குடி,” என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் திரும்பியது. நாற்பத்துமூன்று குஞ்சுகளிடமிருந்து திரும்பவில்லை.

உயிருள்ளவற்றைப் புதுப் பெட்டிகளுக்கு மாற்றி, யன்னல்களைத் திறந்துவிட்டு மலைப்பாதையில் ஏறினேன். பண்ணைக்காரப் பெண் ஊர்வலத்துக்குப் போட்ட உடுப்போடு முற்றத்துக்கு வந்தார்.

“இன்றைக்கா? நான் நாளைக்குத்தான் அனுப்புவீர்கள் என்று இருந்தேன். முந்தியவர் என்றால் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே பெட்டியை வாங்கி உள்ளே நடந்தார். சூட்டு விளக்கின் கீழ் குஞ்சுகளை விட்டபோது சில ஓடின, சில இருந்த இடத்திலேயே கண்ணை மூடின. அவற்றைப் பார்த்து, “இவை நாளை வரை இருக்குமா தெரியவில்லை,” என்றார். நானும் தெரியாது என்றேன். இறந்தவற்றைப் புதைக்க இடம் கேட்டேன். அப்படிப் புதைக்கக்கூடாது, செத்த விலங்குகளைச் சேகரிக்கும் நிலையத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்றார். இறந்தவை கிடந்த பெட்டி திரும்பவும் வானுக்குள் ஏறியது.

தொழுவத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் கை கழுவினேன். அங்கேயே நின்று, கைபேசியில் இழப்பு அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். பிறகு வானில் ஏறி இருந்தபோது முதலாளி கூப்பிட்டார்.

“எத்தனை?”

“நாற்பத்துமூன்று. இன்னும் கூடலாம்.”

“சரி. கவனமாகக் கேள். காரணம் என்ற இடத்தில் ‘போக்குவரத்து’ என்று எழுது. அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். அவர்கள் விசாரித்துக்கொள்ளட்டும்.”

அவர்கள் எப்படி விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் கமராவைப் பார்ப்பார்கள். அதில் திறப்போடு நிற்பது அண்ணை.

“நீ நல்ல பிள்ளை. படித்தவள். வீணாக்கிக்கொள்ளாதே,” என்றார். குரல் கனிவாக இருந்தது. அந்தக் கனிவு என்னை முதல்முறையாகப் பயப்படுத்தியது. “எழுதிவிட்டு எனக்கு அனுப்பு. நான் பார்த்தபிறகுதான் கம்பனிக்குப் போகவேண்டும்.”

பின்னால் மூடிய பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. தொட்டியடியில் நின்றபோதே நான் அறிக்கையை அவருக்கும் கம்பனிக்கும் ஒன்றாக அனுப்பியிருந்தேன். காரணம்: விடுமுறைக்கு முதல் நாள் அனுப்பியது; சேரும் நாளை வாசிக்காதது. வலைக்கதவைத் திறக்கச் சொன்னவர்: அனுப்பியவர். கீழே என் முழுப்பெயரும் கையெழுத்தும்.