விளம்பரத்தை ஓட்டிவிட்ட ஆடி மாதம்

எங்கள் வீட்டு டிவிக்குள் ஒருவன் இருந்தான். அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. "போட்டுட்டானா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள். "இன்னும் போடல" என்று நான் கத்துவேன். விளம்பரம் முடிந்து நாடகம் திரும்ப வந்ததும், "போட்டுட்டான், போட்டுட்டான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். சீரியல் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, நாடகம்தான். நாலாம் வகுப்பு வரைக்கும் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அந்த அவனைக் கண்காணிப்பது.

ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அப்பா டிவிக்குப் புது செட்டாப் பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டினார். அதில் பென்டிரைவைச் செருகிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடுகிற நாடகம் அப்படியே பதிவாகிவிடும். அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். "எங்கம்மா ஆபீஸ் போறாங்க" என்று நான் சொன்னதை நம்பி, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் கொஞ்ச நாள் என்னை மரியாதையாக நடத்தினார். அந்த ஆபீஸ் வேன் அம்மாவைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது நாடகம் முடிந்திருக்கும். அதனால் நான் பதிவு செய்து வைப்பேன். அவள் வந்து குளித்து, உலையை வைத்துவிட்டு வந்து பார்ப்பாள்.

ரிமோட்டில் இரட்டை அம்பு போட்ட பொத்தானை அமுக்கினால் படம் தலைதெறிக்க ஓடும் என்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான். விளம்பரத்தையெல்லாம் ஓட்டிவிடலாம், நாடகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அம்மாவிடம் ஆசையாகச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அத ஓட்டாதட்டி. அந்நேரந்தான் நான் காலு நீட்டுதேன்."

உண்மைதான். நாடகத்தின்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவள், விளம்பரம் வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். விளம்பரத்தில் வருகிற பெண்கள் அத்தனை துணியைத் துவைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அம்மா பார்க்க மாட்டாள். நானும் இப்போது இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எவனாவது ஐந்து நிமிஷம் எதையாவது போட்டு என்னைச் சும்மா விட மாட்டானா என்றிருக்கிறது.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, நாகலாபுரத்தில் வாக்கப்பட்டவள். ஒரு பையோடு வந்தாள். அக்கம்பக்கத்தில் "ஆடிக்கு வந்திருக்கா" என்று சொல்லி வைத்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவளை எந்த ஊரில் ஆடிக்கு அழைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சிரித்துக்கொண்டார்கள்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அதற்காக யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். மாமாவும் மாமாவின் அம்மாவும் கொழுந்தனும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். மழை இல்லாதது, மக்காச்சோளத்தில் புழு விழுந்தது, எல்லாம் பேசுவார்களாம். அத்தை சோறு போட்டால் சாப்பிடுவார்கள். போதும் என்று சொல்வதற்குக்கூட வாயைத் திறக்காமல் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டிக் காட்டுவார்களாம். அதை அவள் செய்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "அடிக்கல, வையல, பட்டினி போடல. பேசலேன்னு ஒரு குறையா? அவிய வீட்டுப் பழக்கம் அப்படி. ஆவணி பொறந்ததும் கொண்டு போயி விட்டுட்டு வந்துருவோம். நீ அவகிட்ட பக்குவமா சொல்லிரு." ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவர் அன்றைக்கு அவ்வளவு பேசினார். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன். அம்மா "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அத்தைக்கு அது தெரியாது. அவளும் அம்மாவோடு அதே ஆபீசுக்கு, அதே வேனில் போகத் தொடங்கினாள். நான்கைந்து நாளில் விரல் நுனியெல்லாம் அம்மாவுக்குப் போலவே காய்த்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். வேனில் எல்லோரும் சளசளவென்று பேசிக்கொண்டே வருகிறார்கள் என்று வியந்து வியந்து சொல்வாள். இரவு இரண்டு பேரும் ஒரே சுவரில் சாய்ந்து நாடகம் பார்ப்பார்கள். நாடகம் ஓடும்போது மூச்சு விட மாட்டார்கள். விளம்பரம் வந்ததும் அத்தை ஆரம்பிப்பாள்.

அந்த நாடகத்திலும் ஒருத்தி புருஷனோடு கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். "மதினி, இவ அங்கன திரும்பிப் போகவே கூடாது. நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று அத்தை கேட்பாள்.

"போகாம? அவ போனாத்தான நாடகம் நடக்கும்" என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"அண்ணன் வீட்டுல அவளுக்கு எடம் இல்லையாக்கும்?"

"எடம் இருந்தா ஆச்சா."

இப்படியே ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அவர்கள் நாடகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாள் போகப் போக அத்தையின் கேள்வியில் நாடகம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள், "மதினி, ஆபீஸ்ல என்னய நிரந்தரமா வரச் சொல்லுதாவ. வரலாந்தான?" என்று கேட்டாள். நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஏட்டி, அத ஓட்டு" என்றாள் என்னிடம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! அமுக்கினேன். நகைக்கடையும் பற்பசையும் பறந்துபோக, நாடகம் தொடங்கும் இடத்தில் சரியாக நிறுத்தினேன். அத்தை வாயை மூடிக்கொண்டாள், நாடகத்தின்போது பேசக்கூடாதே.

அன்றிலிருந்து ஆடி முடிகிற வரைக்கும் விளம்பரம் என்ற பேச்சே இல்லை. அத்தை அம்மா பக்கம் முகத்தைத் திருப்பினால் போதும், "ஓட்டு, ஓட்டு" என்பாள் அம்மா. ஒரு நொடி முன்னால் இல்லை, ஒரு நொடி பின்னால் இல்லை, நாடகத்தின் முதல் வார்த்தை விழுகிற இடத்தில் நிறுத்துகிற அளவுக்கு எனக்குக் கை தேர்ந்துவிட்டது. அம்மா என் திறமையைத் தாமதமாகவாவது ஒத்துக்கொண்டாள் என்று பூரித்துப் போயிருந்தேன். அவளுக்குக் கால் நீட்ட நேரமில்லாமல் போனது எனக்குத் தோன்றவே இல்லை. நாடகம் முடிந்ததும் இரண்டு பேரும் அசதியில் அப்படியே படுத்துவிடுவார்கள். காலையில் அவரவர் பாட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். வேனிலோ ஊரே உட்கார்ந்திருக்கும்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நாடகம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கையில் அத்தை என்னைக் கேட்டாள். "இத அப்படியே நிப்பாட்ட முடியுமாட்டி?"

முடியாமல் என்ன? நிப்பாட்டிக் காட்டினேன். நாடகத்துக்காரி வாயைத் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடி, அசிங்கமாக நின்றாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அத்தை அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"மதினி, நான் இங்கனயே இருந்துக்கிடட்டுமா?"

அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் சோத்துக்கு நான் வேல பாத்துக்கிடுதேன். அடுப்படியில படுத்துக்கிடுதேன். அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"ஏட்டி, ஓட்டு" என்றாள் அம்மா.

எனக்குத் தொழில் முறையில் ஒரு சந்தேகம் வந்தது. "இது விளம்பரம் இல்லம்மா, நாடகம். ஓட்டுனா கத போயிரும்."

"போனாப் போகுது. ஓட்டு."

அம்மாவின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. இல்லை, எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் ஓட்டினேன். நாடகத்துக்காரி விழுந்தடித்துக்கொண்டு அழுதாள், எழுந்தாள், வாசலைத் தாண்டினாள். அத்தை, "சரி மதினி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

ஆவணி இரண்டாம் நாள் அப்பா அவளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மாமா வீட்டுக்கென்று முந்தின நாளே கடம்பூர் போளி வாங்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் கூடப் போனேன். எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெறும் கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது. மாமா வீட்டில் நல்ல மரியாதை. மாமாவின் அம்மா எனக்குக் காபி கொடுத்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கோவில்பட்டியில் மழை உண்டா என்று அப்பாவைக் கேட்டார். மாமா போளி நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் வீட்டு டிவியைவிடப் பெரிய டிவி அங்கே இருந்தது, யாரும் பார்க்காமல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தையை மட்டும் யாரும் "வா" என்று சொல்லவில்லை. அவள் பையை வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனாள்.

தீபாவளிக்கு அத்தையும் மாமாவும் வந்து ஒருநாள் தங்கினார்கள். அவள் பார்க்காமல் விட்ட நாடகத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் பதிவு செய்து வைக்கும்படி அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தாள். அப்பாவும் மாமாவும் கடைத்தெருவுக்குப் போன பிறகு, பெண்கள் இரண்டு பேரும் பழைய மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். முதல் விளம்பரம் வந்தது. அத்தை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஓட்டுவதற்கு நான் தயாராக இருந்தேன்.

"ஓட்டாத. ஓடட்டும்" என்றாள் அம்மா.

ஓடியது. அம்மா காலை நீட்டவில்லை, கண்ணை மூடவில்லை. "என்னட்டி, எப்படி இருக்க?" என்று அத்தையைக் கேட்டாள். அத்தை லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினாள். அடுத்த விளம்பரம் வந்தது. அதையும் அம்மா ஓட்ட விடவில்லை. முறுக்குத் தட்டை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். அத்தை வேண்டாம் என்று தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினாள். சோப்பு வந்தது, நகைக்கடை வந்தது, மசாலாப்பொடி வந்தது. அம்மா டிவிப் பக்கம் திரும்பவே இல்லை, அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அத்தனை விளம்பரத்தையும் கண்கொட்டாமல் பார்த்தாள். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. பேசுகிற ஆட்களாக இருந்தால் சரி, பேசவும் இல்லை, ஓட்டவும் விடவில்லையென்றால் ரிமோட் எதற்கு என் கையில்? அத்தனை நேரமும் வீணாகப் போகிறதே என்றுதான் அன்றைக்கு எனக்கு இருந்தது.