கண்ணாடித் துண்டின் பாரம்

இரண்டாயிரத்தின் முதற் சில ஆண்டுகள் ஒஸ்லோவில் ஓர் அளவை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். விசை உணரிகள் காட்டும் எண் மெய்யா என்று சோதிப்பதுதான் தொழில். படிக்கல்லை ஏற்றி எண்ணைப் பார்த்தால் முடிந்தது என்று முதலில் நினைத்திருந்தேன். எனக்கு எதிலும் கொஞ்சம் அவசரம்.

ஒருமுறை, பாரந்தூக்கியின் கொழுக்கியில் பூட்டும் உணரி ஒன்று வந்தது. அது போகவேண்டிய இடம் ஸ்தவாங்கர். அங்கே எண்ணெய்த் தளங்களுக்குச் சாமான் ஏற்றும் துறைமுகத்தில் என் மனைவியின் தம்பிக்கு வேலை. தொலைபேசியில் அவனிடம் சொன்னேன்.

“அதுக்குக் கிட்டத்தான் அத்தான் நாங்கள் நிக்கிறனாங்கள்,” என்றான். “பாரம் சும்மா தொங்கேக்கை பயமில்லை. அலையிலை கப்பல் டக்கெண்டு இறங்கேக்கை கயிறு வெட்டி இழுக்கும். அப்பவும் அது சரியாச் சொல்லுமோ?”

அந்தக் கேள்விக்குப் படிக்கல்லிடம் விடை இல்லை. அதற்கென்று வேறொரு மேசை இருந்தது. அதன்மேல் நாலு கிலோ இரும்புக் கட்டி, கட்டியின் அடியில் தாளைவிட மெல்லிய காற்றுப் படலம். வாயால் ஊதினாலே கட்டி நகரும். அதைத் தள்ளி உணரியில் மோதவிடுவோம். கட்டியில் திருகியிருக்கும் சிறு கண்ணாடியில் லேசர் பட்டுத் திரும்பி, வேகம் எப்படிக் குறைகிறது என்று சொல்லும். அதைக் கட்டியின் எடையோடு பெருக்கினால் மோதலின் உண்மையான விசை வந்துவிடும். கண்ணிமைக்குமுன் முடிந்துபோகும் மோதல், திரையில் ஒரு கோடாகக் குன்றுபோல எழுந்து இறங்கும். முதல் தடவை பார்த்தபோது மறுபடியும் மோதவிட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தைக் கொண்டு ஓர் இடியை அளக்கலாம் என்று யார் கண்டார்கள்! எத்தனையோ தடவை பார்த்த பிறகும் அந்த வியப்பு அடங்கவில்லை.

ஸ்தவாங்கர் உணரியை மோதிப் பார்த்த அன்று லேசரின் கோடும் உணரியின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே ஸ்தவாங்கருக்கு அழைத்து, “பயப்பிடாதை, அது பொய் சொல்லாது,” என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது எங்கள் வழக்கம். உள்ளங்கையில் வைத்தேன். சில்லென்று இருந்தது, கனமாகவும் இருந்தது. கட்டியைத் திரும்பிப் பார்த்தேன். கட்டியின் முதுகில் பொறித்திருந்த எடை, கண்ணாடி பூட்டுவதற்கு முன் நிறுத்தது. கண்ணாடியை வெளிச்சத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகியதால், அதற்கும் எடை உண்டென்று எனக்குத் தோன்றவேயில்லை.

நிறுத்துப் பார்த்தேன். நாற்பது கிராம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது லேசரின் கோடு சற்று உயர்ந்தது. உணரியின் கோடு கீழேயே நின்றுவிட்டது. வெட்டி இழுக்கும்போது உணரி உண்மையைவிடக் குறைத்துச் சொல்கிறது. என் அவசரத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும், உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடி ஒரு துறைமுகப் பாரந்தூக்கியின் கணக்கையே புரட்டிப் போட்டதை எண்ணி மேசை முன்னே அசையாமல் நின்றேன்.

உடனே அழைத்தேன்.

“நான் சொன்னது பிழை. இழுபடேக்கை அது குறைச்சுக் காட்டுது.”

“எவ்வளவு அத்தான்?”

“நூற்றுக்கு ஒண்டு.”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் பாரந்தூக்கியின் சங்கிலிச் சத்தம் கேட்டது.

“இதே மாதிரி இன்னொண்டு இப்பவும் எங்கடை கொழுக்கியிலை தொங்குது. கழட்டி அனுப்பச் சொல்லட்டோ?”

“ஓம்,” என்றேன். “நீ முதல்லை அங்கையிருந்து தள்ளி நில்.”