நெக்ரீதாவுக்குப் பவுடர் வேண்டாம்

நான் முகத்துக்குப் பவுடர் பூசுவதில்லை. கல்யாண வீடோ செத்த வீடோ, இந்தக் கறுப்பு முகம்தான் வரும். பிடிக்காதவர்கள் தங்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இந்தப் பிடிவாதம் எனக்கு எட்டு வயதில், நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், கோயிலில் பாதிரியார் கையால் முதல் நன்மை அப்பம் வாங்கப்போன காலையில் தொடங்கியது.

அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் எதிர்வீட்டுக் கொலம்பியா நாட்டு அன்ரியிடம்தான் இருப்பேன். அவருக்கு எதையும் சின்னதாக்கிக் கொஞ்சவேண்டும். கோப்பி அவர் வாயில் கஃபெசீதோ, சூப் சோபீதா. அவருடைய ஸ்பானிஷில் நெக்ரா என்றால் கறுப்பி. நான் நெக்ரீதா, கறுப்பிக்குஞ்சு. சுண்ணாம்பாய் வெளுத்த தன் புருஷனையும் நெக்ரீதோ என்றே கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் என் முழுப்பெயரைச் சொல்வார். அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

எங்கள் வீட்டில் சொல்லும் கறுப்பி வேறு ரகம். அது பெருமூச்சோடு வரும்.

அன்று அம்மா சாப்பாட்டோடு முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட, என்னை வெளிக்கிடுத்தும் பொறுப்பு மாமாவின் மனைவியான மாமிக்கு. வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளை முக்காடு வைத்து, பவுடர் டப்பாவைத் திறந்தார்.

"ஆடாமல் நில்லு பிள்ளை. படம் ஊருக்கு, மன்னாருக்குப் போகுது. கரிச்சட்டி மாதிரி நிண்டால் சனம் என்ன சொல்லும்?"

"எனக்கு வேண்டாம். அது நான் இல்லை."

"வாய் காட்டாதை!"

விடுவேனா? ஒரு கன்னம் வெள்ளையும் மறு கன்னம் கறுப்புமாக எதிர்வீட்டுக்குள் ஓடினேன். அன்ரி நெஞ்சில் கைவைத்தார். என் நெக்ரீதாவை யார் இப்படிச் செய்தது என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே ஈரத்துணியால் துடைத்துவிட்டார். பின்னாலேயே டப்பாவும் கையுமாக மாமி வந்து நின்றார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மாமி என்னைவிட ஒரு படி கறுப்பு. அவர் பூசும் பவுடர் கழுத்தோடு நின்றுவிடும். அன்ரி கொஞ்சமும் யோசிக்காமல் அவருடைய நாடியைப் பிடித்து, "நெக்ரீதா லிந்தா" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மாமி, உங்களை வடிவான கறுப்பிக்குஞ்சு எண்டு சொல்லுறா!"

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மாமி பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அன்ரி கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

நான் என்னுடைய முகத்தோடேயே கோயிலுக்குப் போனேன். படமும் அப்படியே மன்னாருக்குப் போனது. என்னிடம் தோற்ற ஆத்திரத்தில்தான் மாமி அழுதார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டபோதுதான் மாமி வாய் திறந்தார்.

"உள்ளபடி எடுத்து அனுப்பு பிள்ளை. நான் பவுடர் அப்பி எடுத்த படத்தைப் பாத்து என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட உன்ரை மாமா, எயார்போர்ட்டிலை என்னைக் கண்டிட்டு முதல் கேட்டது என்ன தெரியுமோ? 'படத்திலை இருந்த பொம்பிளை எங்கை?'"

கறுப்பி என்று அவரை ஒருவர் கொஞ்சியது அந்த முதல் நன்மைக் காலையில்தான் முதல் தடவை. வென்ற மிதப்பில் நின்ற எட்டு வயதுக்காரிக்கு அது எங்கே விளங்கும்?