கிழக்கு பார்த்த டிராயர்

செல்லூர்ப் பட்டறையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் சாமான் பை, கையில் டிரில் மிஷின். பட்டறை முதலாளி நான் செய்த கட்டிலை விற்கும்போது தன் மச்சான் செய்தது என்றார். அதே கட்டில் முறிந்து திரும்பி வந்தபோது நான் செய்தது என்றார். முதல் பேச்சைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது பேச்சுக்குப் பையை எடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து இப்படித்தான். எந்த இடமும் எனக்கு ஒரு தீபாவளிக்கு மேல் தாங்காது.

வைகைப் பாலத்தின் நடுவில் போகும்போது போன் வந்தது. தெரிந்த பிளைவுட் கடைக்காரர்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"பாலத்துல நிக்கிறேன்."

"பாலத்துல என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அதான் பாலத்துல நிக்கிறேன்."

"அப்ப பசுமலைக்குப் போங்க. ஒரு வீட்டுல கம்ப்யூட்டர் டேபிள், டிராயரோட. வீட்டுலயே வச்சுச் செஞ்சு குடுக்கணும். ரொம்ப அவசரமாம்."

வீட்டில் மூன்று பேர். ஆபீஸ் வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர், அவர் மகள் ரேவதி, மருமகன் கார்த்திக். ரேவதிக்கு ஏழாம் மாதம். கார்த்திக் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். கட்டிலில் படுத்துக்கொண்டு, வயிற்றின் மேல் லேப்டாப்பை வைத்துத்தான் இதுவரை வேலை நடந்திருக்கிறது. வைக்கத் தோதான வயிறுதான். கம்பெனி இப்போது புது ரூல் போட்டிருந்தது. தனி மேஜை இருக்க வேண்டும், லேப்டாப்பை வைத்துப் பூட்டப் பூட்டு போட்ட டிராயர் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வீடியோ காலில் காட்ட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை சென்னை ஆபீஸில் நிற்க வேண்டும்.

"அண்ணே, பிரசவத்துக்கு நான் இங்க இருக்கணும்ணே. உங்க கையிலதான் இருக்கு," என்றார் கார்த்திக்.

நாலடி நீளம், ரெண்டடி அகலம், வேங்கை மரச் சட்டம், மேலே பதினெட்டு எம்.எம். பிளைவுட், வலப்பக்கம் மூன்று டிராயர். எனக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சட்டத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் கையில் திசைகாட்டியோடு வந்தார்.

"ஏப்பா, உட்கார்றவரு எந்தப் பக்கம் பாப்பாரு?"

"கிழக்குங்கய்யா."

"நல்லது. டிராயர் எந்தப் பக்கம் திறக்கும்?"

"உட்கார்றவரு பக்கம்தாங்கய்யா. மேற்கு."

பெரியவர் திசைகாட்டியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். "மேற்கயா? அதுலருந்துதான் இந்த வீட்டுக்குச் சம்பளம் வருது. அது லட்சுமி இருக்கிற இடம். கல்லாவும் பீரோவும் கிழக்க பாக்கணும், இல்ல வடக்க பாக்கணும்."

"அப்ப அவர மேற்க பாத்து உக்கார வச்சிருவோம்."

"மேற்க பாத்து உக்காந்து எவன் உருப்பட்டான்?"

நானும் சும்மா இருக்கவில்லை. ஆள் கிழக்கே பார்க்கட்டும், டிராயர் பக்கவாட்டில் வடக்கே திறக்கட்டும் என்றேன். வடக்குப் பக்கம் அந்த அறையின் பாத்ரூம் கதவு இருந்தது.

"லட்சுமி கக்கூஸப் பாத்துக் கண்ணைத் திறக்கணுமா?" என்றார். தெற்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது எமனுடைய திசை என்று எனக்கே தெரியும்.

கார்த்திக் மெதுவாக, "மாமா, அது வெறும் லேப்டாப்..." என்றார்.

"மாப்ள, நீங்க செத்த சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

அடுப்படியிலிருந்து ரேவதி குரல் கொடுத்தாள். "அப்பா, உங்க பீரோ வடக்கதான் பாக்குது. அதுல என்ன இருக்கு? மிஞ்சிப்போன என் கல்யாணப் பத்திரிகைதான் இருக்கு."

"அதனாலதான் கல்யாணம் நல்லா இருக்கு," என்றார் பெரியவர்.

கடைசியில் முடிவானது இதுதான். கார்த்திக் கிழக்கே பார்த்து உட்காருவார். டிராயரும் கிழக்கே திறக்கும். அதாவது, அவருக்கு எதிர்ப்புறம், சுவர்ப் பக்கம். சுவரோடு ஒட்டிப் போட்டால் டிராயரைத் திறக்க முடியாது என்பதால் மேஜையைச் சுவரிலிருந்து இருபது அங்குலம் தள்ளிப் போட வேண்டும். டிராயர் ஓடுகிற சேனல் பதினெட்டு அங்குலம் வெளியே வரும். இந்தப் பக்கம் நாற்காலிக்கு இடம் இல்லை, கட்டில் இருந்தது; அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். கட்டிலை நகர்த்த முடியாது. அதுவும் சாஸ்திரப்படிதான் கிடந்தது.

சம்பளம் கொடுக்கிறவர் சொல்வதைச் செய்வதுதான் வேலை என்று எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். நானும் அப்படியே செய்தேன். வேலை சுத்தமாகத்தான் வந்தது. விரலால் தட்டினால் டிராயர் தானாகப் போய் மூடிக்கொண்டது. ஆனால் விரல் அங்கே போய்ச் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்துக்குள் குத்தவைத்து உட்கார்ந்து பூட்டுக்குக் கடைசி ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தேன். வீடியோ கால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கார்த்திக் போனைத் தூக்கி மேஜையைக் காட்டினார். சென்னை மேடத்தின் குரல் கேட்டது.

"டேபிள் நல்லா இருக்கு. டிராயர் எங்க?"

"அந்தப் பக்கம் மேடம்."

நான் மரியாதைக்கு எழுந்து நின்றேன்.

"ஐயோ! யாரு அது?"

"கார்பென்டர் மேடம்."

"அவரு ஏன் சுவருக்குள்ள நிக்கிறாரு?"

"டிராயர் அங்கதான் இருக்கு மேடம்."

"நீங்களே ஒரு தடவை ஓபன் பண்ணிக் காட்டுங்க கார்த்திக்," என்றார் மேடம்.

நான் வெளியே வந்தேன். கார்த்திக் போனை ரேவதியிடம் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நுழைந்தார். ஒரு தோள் போனது, ஒரு கை போனது, வயிறு நின்றுவிட்டது. நான் அந்தப் பக்கம் மேஜையைப் பிடித்துக்கொள்ள, பெரியவர் இந்தப் பக்கம் மருமகனின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். ரேவதி அத்தனையையும் போனில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல வேற யாராலயாவது முடியுமா?" என்றார் மேடம்.

"நான் மாசமா இருக்கேன் மேடம்," என்றாள் ரேவதி.

"எனக்கும் முடியாதும்மா," என்றார் பெரியவர், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

கார்த்திக்கின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அவர் சென்னை பஸ்ஸிலேயே ஏறிவிட்டவர் போல ரேவதியைப் பார்த்தார். என் கையால் செய்த டிராயர் ஒரு மனுஷனைப் பெண்டாட்டியிடமிருந்து பிரிக்கப் போகிறது.

மேடம் எதையோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

"நான் பாத்த வீட்ல எல்லாம் சாவி டிராயர்லயே தொங்கும். இல்லன்னா, பிள்ளைங்க திறந்து விளையாடிக்கிட்டு இருக்கும். வீட்ல ஒருத்தராலயும் திறக்க முடியாத டிராயர் இது ஒண்ணுதான். செக்யூரிட்டி ஓகே. அப்ரூவ்டு. ஆனா டெய்லி ஈவ்னிங் லேப்டாப்ப உள்ள வச்சுப் பூட்டி போட்டோ அனுப்பணும்."

கால் முடிந்தது. ரேவதி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பெரியவர் இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா மாப்ள? கிழக்கு!"

பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாமனார் மருமகனைப் பார்த்தார். மருமகன் அந்தச் சந்துப் பக்கம் பார்த்தார். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். தின்று தின்றும் உடம்பில் ஒட்டாத ஆள் நான். அது ஒரு தகுதி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். மரத்தை அளப்பதற்கு முன்னால் உட்காரப் போகிறவரை அளந்துகொள்ளுங்கள். அவருக்கு மாமனார் இருந்தால், முதலில் அவரை அளந்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். காலையில் டிராயரைத் திறந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் வாங்கி உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும், நடுவில் என் வெளிவேலையைப் பார்த்துக்கொள்ளலாம், காலைச் சாப்பாடு அவர்கள் வீட்டில். முதல் நாள் ரேவதி இலையில் நான்கு இட்லி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "இன்னும் ரெண்டு வைக்கட்டுமாண்ணே?" என்று தட்டோடு குனிந்தாள்.

பெரியவர் பேப்பரை இறக்கினார்.

"அம்புட்டு வைக்காதம்மா. அவரு உள்ள போகணும்."