சொல்லி விற்ற வீடு

வீட்டை விற்க என் மனைவி ஒத்துக்கொண்டது ஒரு நிபந்தனையின் பேரில்தான். எந்த புரோக்கர் விற்றுக் கொடுத்தாலும் சரி, பார்க்க வருகிறவர்களிடம் அவர் எதையும் மறைக்கக் கூடாது. சுனாமி அன்றைக்குக் கடல் எங்கள் கேட் வரைக்கும் வந்ததைச் சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டுப் பையன் அந்தக் கடலில் போனதையும் சொல்லிவிட வேண்டும்.

"யாரும் வாங்க மாட்டாங்க" என்றேன்.

"அப்ப விக்க வேணாம்" என்றாள்.

கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் இருந்து பிரிகிற தெருவில் எங்கள் வீடு. இரண்டு பேர் சம்பளத்திலும் கடன் போட்டுக் கட்டியது. எனக்கு மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஆபீஸ் வேலை. அவள் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே பையன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். அரைப் பரீட்சை லீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டாளிகளோடு மணலில் கிரிக்கெட் ஆடப் போனான். நான் கறி வாங்க மஞ்சக்குப்பம் போயிருந்தேன். சைக்கிளை மிதித்துத் திரும்பி வரும்போது ஜனங்கள் எதிரே ஓடி வந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கேட்டைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் திரும்பியிருந்தது. சேறும் செருப்புகளும் கிடந்தன. அவனை மறுநாள்தான் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தோம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்த வீட்டிலேயேதான் இருந்தோம். முதல் மாதத்திலேயே அங்கிருந்து போய்விட வேண்டும் என்று எனக்கு இருந்தது. கடல் சத்தம் கேட்காத ஊரில் படுத்தால் போதும் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அவன் படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. தினமும் விடியக் கிளம்பி பஸ் பிடித்து சிதம்பரம் போவாள், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். முட்டி தேய்ந்துபோய் படி ஏற முடியாமல் ஆனபோது, பஸ் பிரயாணத்தை விட்டாக வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அப்போதுதான் சிதம்பரத்துக்கே போய்விடலாம் என்று நான் பேச்செடுத்தேன். அவள் சொன்ன நிபந்தனையும் அப்போது வந்ததுதான்.

முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த ஒரு ரியல் எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் மனைப்பிரிவுகளின் படம். அங்கே இருந்தவர் என் வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா, பிளான் அப்ரூவல் இருக்கா என்று வரிசையாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் மனைவி தன் நிபந்தனையைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா வியாபாரத்துல அத எதுக்கு எடுக்கறீங்க? காம்பவுண்ட் சொவத்துல தண்ணி நின்ன கறை இருந்தா பெயிண்ட் அடிச்சிடலாம். கேட்டை மாத்திடலாம். பீச்சுக்கு நடந்து போற தூரம்னு போட்டா பாண்டிச்சேரி பார்ட்டியே வருவாங்க."

"பீச்சுக்கு நடந்து போற தூரந்தான்" என்றாள் அவள். எழுந்து வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே நானும் வந்தேன்.

அடுத்தது அவளுடைய பெரியப்பா மகன். எனக்கு மச்சான் முறை. திருப்பாதிரிப்புலியூரில் சிமெண்ட் கடை வைத்துக்கொண்டு, வீடு மனை என்று வந்தால் முடித்துக் கொடுப்பார். சொந்தக்காரர், கமிஷன் கூட வேண்டாம் என்றார். எங்கள் துக்கத்தில் கூட நின்றவர்.

"அண்ணே, வர்றவங்ககிட்ட சொல்லிடுவே இல்ல?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

"சொல்லாம இன்னா? அத நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத."

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வயசான தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கடலூரில் இருக்கிற மகள் பக்கத்தில் வந்து இருக்கலாம் என்று யோசித்தவர்கள். நல்ல மனிதர்கள். அந்தம்மா ஒவ்வொரு ரூமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஹாலில் அவன் படத்துக்கு முன்னால் நின்றார்.

"இது சின்ன வயசுல எடுத்ததா? இப்ப கோயமுத்தூர்ல இஞ்சினீரிங் படிக்கறாராமே, லீவுக்கு வருவாரா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சமையலறைக்குள் போனாள். காபி போட்டுக்கொண்டு வந்தாள். அந்தம்மா கையில் டம்ளரைக் கொடுத்த பிறகு சொன்னாள்.

"அவன் இல்லீங்கம்மா. சுனாமில போயிட்டான்."

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

மச்சானுக்குக் கோபம். "ஊர் ஒலகத்துல நடக்காததா? உங்க நல்லதுக்குத்தானே மாப்ள சொன்னேன்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

அன்றைக்குச் சாயந்திரம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "அந்தம்மா கேட்டப்ப ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சுங்க. கோயமுத்தூர்ல இருக்கான், லீவுக்கு வருவான்னு. உள்ள போயி காபி போடற வரைக்கும் அப்படியே நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

மூன்றாவது ஆளை ஆபீசில் ஒருத்தர் சொல்லி அனுப்பினார். ஓ.டி. என்கிற கடலூர் முதுநகரில் இருந்து ஒரு பழைய டிவிஎஸ்ஸில் வருவார். சொன்ன நேரத்துக்கு வர மாட்டார். பேச ஆரம்பித்தால் நடுவில் போன் வந்துவிடும், எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். முதல் நாளே கமிஷனைக் கறாராகப் பேசி முடித்தார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, "உப்பு ஏறி இருக்கு" என்றார். சுனாமிக்குப் பிறகு ஏறியதுதான் என்று என் மனைவி சொன்னாள். அதைத் தொட்டுத் தன் நிபந்தனையையும் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிங்க்கா. நான் இன்னான்னு சொல்லணும்? நீங்களே சொல்லிக் குடுங்க. நான் பாட்டுக்கு எதையாவது ஒளறிடக் கூடாது."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அந்தக் காலையைப் பற்றி அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள், பேச்சை மாற்றினார்கள். என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை. அவன் வழக்கம்போல அவளிடம் சொல்லாமல் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். பசங்க வாசல் கேட்டுகிட்ட வந்து கூப்புட்டாங்க. அவனுக்குக் காதுல விழல. ரூம பெருக்கணும்னு நான்தான் உள்ள போனேன். எழுந்திரிடா, ஒன்ன கூப்புடறாங்க பாருன்னு போர்வைய இழுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம்மான்னான். லீவு நாள்ல இன்னா தூக்கம்னு எழுப்பி உட்டேன். பல்லு வெளக்கிட்டு, ஒண்ணும் சாப்புடாம போனான். நான் பெருக்கி முடிச்சி குப்பைய வாரிக்கிட்டு இருந்தப்ப சத்தம் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். என்னால்தான் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

புரோக்கர் அந்த ஒரு தடவை போனை எடுக்கவில்லை. அது அடித்து அடித்து நின்றது. பிறகு, "அக்கா, கடல் கேட்டு வரைக்கும் வந்துச்சுன்னு சொல்றேன். பையன் இந்த வீட்ல வளந்தான், சுனாமில தவறிட்டான்னு சொல்றேன். நீங்க எழுப்புனத நான் சொல்ல மாட்டேன். வீடு வாங்க வர்றவங்களுக்கு அது வேணாம்" என்றார்.

அவள் தலையசைத்தாள்.

"இன்னொண்ணு. நான் சொல்றப்ப நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கக் கூடாது. உங்க மொகத்தப் பாத்தா அவுங்க சரின்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நானா இருந்தாலும் எழுப்பித்தான் இருப்பேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க. நீங்க எழுப்ப மாட்டீங்க. ஞாயித்துக்கிழமைல அவன தூங்க உடுன்னுதான் எப்பவும் சொல்லுவீங்க."

அது உண்மை.

அந்த வருஷ மழைக்காலம் வரைக்கும் பார்ட்டிகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் டிவிஎஸ் சத்தம் கேட்டதும் நாங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டிப் பேசுவது தெரியும். சொல்லிவிட்டார் என்பது வந்தவர்கள் நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். சிலர் அதற்கு மேல் உள்ளேயே போக மாட்டார்கள். சிலர் பார்த்துவிட்டு, சாவு விழுந்த வீடு என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒருத்தர் வீட்டை இடித்துவிட்டுக் கட்டினால் தோஷம் போய்விடுமா என்று கேட்டாராம். புரோக்கர் எல்லாவற்றையும் வந்து எங்களிடம் ஒப்பிப்பார். அலுத்துக்கொள்வார். "வேற வீடா இருந்தா நான் இன்னேரம் மூணு வியாபாரம் முடிச்சிருப்பேன்" என்பார். ஆனால் ஒரு தடவைகூட சொல்லாமல் விடவில்லை.

கடைசியில் வந்தவர்கள் சின்ன வயசுக்காரர்கள். அவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். முதல் தடவை அவளுடைய மாமனார் மாமியாரோடு வந்தார்கள். பெரியவர்கள் விஷயத்தைக் கேட்டதும் பிள்ளைத்தாய்ச்சியை இங்கே நிற்க வைக்காதே என்று உடனே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து அவர்கள் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். அந்தப் பெண் எங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். எதிர்வீட்டில் இருந்து வந்தோம்.

"அக்கா, உங்க பையன் எந்த ரூம்ல படுத்துக்குவாரு?" என்று கேட்டாள்.

என் மனைவி காட்டினாள்.

"அவரு பேரு இன்னாங்கக்கா?"

ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அன்றைக்கு முழுப் பெயரும் சொன்னாள், பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிற மாதிரி, இனிஷியலோடு. பிறகு வீட்டில் கூப்பிடுகிற பெயரையும் சொன்னாள். அந்தப் பெண் இரண்டையும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தை பிறந்ததும் பத்திரம் பதிவானது. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, கைரேகை எல்லாம் முடிந்தபோது புரோக்கர் தன் கமிஷனை வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் மட்டும் "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு எடுத்தோம். கடல் சத்தம் இல்லை. கோயில் மணியும் ரிக்‌ஷாவும் பால்காரர் சைக்கிளும்தான். பள்ளிக்கூடம் அவளுக்கு நடந்து போகிற தூரம். இப்போது நான்தான் கடலூருக்கு பஸ்ஸில் போய் வந்தேன். இடம் மாறினால் குறையும் என்று நான் நம்பியிருந்தேன். அது குறையவில்லை. புது வீட்டில் அவன் எங்கே இருந்திருப்பான் என்று நினைக்க ஒரு மூலைகூட இல்லாமல் போனது. அவள் சாயந்திரங்களில் வீட்டுக்குள்ளேயே இங்கேயும் அங்கேயும் நடப்பாள், எதையோ வைத்த இடம் தெரியாதவள் போல.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கடலூரே போய்விட்டது என்றார்கள். புதுவருஷம் பிறந்து பஸ் விட ஆரம்பித்ததும், "அந்தப் பொண்ணு கைக்கொழந்தைய வெச்சிக்கிட்டு இன்னா பண்ணுதோ, போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள். வழியெல்லாம் மரங்கள் வேரோடு விழுந்து கிடந்தன. முந்திரித் தோப்புகள் தரையோடு படுத்திருந்தன.

வீடு நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் கூரையாகப் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் மட்டும் பறந்துவிட்டன. கேட்டில் பூட்டு. எதிர்வீட்டுக்காரர் வந்து, அவர்கள் எல்லாரும் பத்திரமாக அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "சரி, நல்லாருக்காங்க இல்ல, போலாம்" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமாக, வாய்விட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவள் அப்படி அழவில்லை. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு எங்கள் சீட்டுக்கு வந்தார்.

"இன்னா சார், ஒடம்புக்கு எதாவதா?"

"இல்லீங்க. எங்க பையன் எறந்துட்டான்."

"ஐயையோ. எப்ப சார், இந்தப் புயல்லயா?"

"இல்ல. சுனாமில. ஏழு வருஷம் ஆச்சு."

அவர் என்னையும் அவளையும் பார்த்தார். முன்சீட்டில் இருந்தவரிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, டிக்கெட் கேட்காமலே அடுத்த சீட்டுக்குப் போனார். நான் அவளைத் தேற்றவில்லை. பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.